கருவி வந்தால் போதுமா?

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஆதரவாளர்களே,

 

சபைகளுக்கு நாங்கள் வரும்போதும், அசனப் பண்டிகைகளில் உங்களைச் சந்திக்கும்போதும் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "ஐயா, நாங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு பயிற்சி, கூட்டம், மேற்பார்வை என்று செலவாகிறதே. அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு கட்டில் வாங்கலாமே, ஒரு கருவி வாங்கலாமே?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பிடியரிசி சேர்த்து அனுப்பும் சகோதரிகளும் நம் ஆதரவாளர்களில் உண்டு. அவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு காசும் எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. கட்டில் கண்ணுக்குத் தெரியும். அதில் கொடுத்தவர் பெயரையும் எழுதலாம். பயிற்சியில் எந்தப் பெயரையும் எழுத முடியாது. ஆகவே இந்த இதழில் அக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறோம்.

அணையும் வாய்க்காலும்

நம் தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பாபநாசத்திலும் மணிமுத்தாறிலும் பெரிய அணைகள் இருக்கின்றன. கன்னடியன், நதியுண்ணி, மருதூர் என்று நம் முன்னோர் கட்டிய அணைக்கட்டுகளும், கடைசியாக ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் இருக்கின்றன. ஆனாலும் கடைமடை விவசாயியின் வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேருமா என்பதை அணை மட்டும் தீர்மானிப்பதில்லை. வாய்க்கால் தூர் வாரியிருக்க வேண்டும். மடைகள் பழுதில்லாமல் இருக்க வேண்டும். எந்த வயலுக்கு எப்போது முறை என்பதில் ஊரார் உடன்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் அணை நிரம்பி வழிந்தாலும் கடைமடை காய்ந்தே கிடக்கும்.

மருத்துவமனையில் வரும் எந்தப் புதிய முறையும் இப்படித்தான். புதிய முறை அணையைப் போன்றது. அதை வேலை செய்கிறவர்களின் கைகளுக்கும் மனதுக்கும் கொண்டு சேர்க்கும் முயற்சி வாய்க்காலைப் போன்றது. நிர்வாகத் துறையினர் இந்த முயற்சியை "மாற்ற மேலாண்மை" என்கிறார்கள். நிறுவனங்களில் தொடங்கப்படும் மாற்றங்களில் பத்துக்கு ஏழு தோல்வியடைகின்றன என்று மேடைகளில் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மார்க் ஹியூஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2011-இல் அந்தக் கணக்கின் மூலத்தைத் தேடிப் பார்த்து, அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை என்று எழுதினார். ஆகவே அந்த எண்ணை விட்டுவிடுவோம். நன்கு ஆராயப்பட்ட சில நிகழ்ச்சிகளை மட்டும் பார்ப்போம்.

ஒரே தாள், வெவ்வேறு பலன்

அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க வேண்டியவற்றை உலக சுகாதார நிறுவனம் ஒரே தாளில் 19 குறிப்புகளாகத் தொகுத்துக் கொடுத்தது. நோயாளி யார், எந்த உறுப்பில் அறுவை, அவருக்கு எந்த மருந்தாவது ஒவ்வாதா, நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்து உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டதா, முடிவில் பஞ்சுகளும் கருவிகளும் எண்ணிக்கையில் சரியா என்பன போன்ற எளிய கேள்விகளே அதில் இருக்கின்றன. இவற்றை அறையிலுள்ள அனைவரும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

2007, 2008-ஆம் ஆண்டுகளில் எட்டு நாடுகளில், நகரத்துக்கு ஒன்றாக எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். டெல்லியிலுள்ள பரிசுத்த ஸ்தேவான் மிஷன் மருத்துவமனையும் அவற்றில் ஒன்று என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 2009-இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நேர்ந்த மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தன. பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு தாள் போதுமானதாக இருந்தது.

இதைக் கண்ட கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாண அரசு, மருத்துவமனைகள் இந்தத் தாளைப் பயன்படுத்துவதைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று 2010-இல் உத்தரவிட்டது. பெரும்பாலான மருத்துவமனைகள் ஏறத்தாழ முழுமையாகவே பயன்படுத்துவதாக அறிவித்தன. தாள் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் 101 மருத்துவமனைகளில் நடந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பு மரணம் 0.71 சதவீதம், பின்பு 0.65 சதவீதம். குறிப்பிடத்தக்க மாற்றம் என்று சொல்வதற்கு இது போதாது என்பதே ஆய்வாளர்களின் தீர்ப்பு. சிக்கல்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

அதே தாள்தான். பலன் ஏன் வேறுபட்டது? எட்டு மருத்துவமனைகளில் முதலில் அந்தந்த இடத்தின் குறைகளைக் கணக்கெடுத்துப் பணியாளர்களுக்கே எடுத்துக் காட்டினார்கள். பிறகு பேசி விளக்கினார்கள். அருகில் நின்று கற்றுக் கொடுத்தார்கள். ஒன்ராறியோவில் உத்தரவு எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதனோடு போக வேண்டிய உழைப்பு எல்லா இடத்துக்கும் அதே அளவில் போகவில்லை என்று பலர் கருதுகிறார்கள். தாளில் குறியிடுவது வேறு. கேள்வியைக் கேட்டு, நின்று, பதிலுக்குக் காத்திருப்பது வேறு. ஒன்ராறியோவில் முன்பே மரண விகிதம் குறைவாக இருந்ததும், ஆய்வுக் காலம் குறுகியதாக இருந்ததும் காரணமாகலாம் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அதையும் நாம் மறைக்கக்கூடாது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் வேறு வழியைப் பின்பற்றினார்கள். 2010-இல் தொடங்கி, விருப்பமுள்ள மருத்துவமனைகளைச் சேர்த்து, படிப்படியாக நடத்தினார்கள். தாளைத் தங்கள் இடத்துக்கு ஏற்றபடி திருத்திக் கொள்ளச் சொன்னார்கள். முதலில் ஒரே ஓர் அறுவைக் குழு சோதித்துப் பார்த்தது. மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். பிறகே எல்லா அறைகளுக்கும் கொண்டு போனார்கள். முழுப் படிகளையும் முடித்த 14 மருத்துவமனைகளில் அறுவைக்குப் பிந்திய மரணம் 2010-இல் 3.38 சதவீதமாக இருந்தது, 2013-இல் 2.84 சதவீதமாகக் குறைந்தது. அதே காலத்தில் மற்ற மருத்துவமனைகளில் அது 3.50-இலிருந்து 3.71 ஆக உயர்ந்தது. தாமாக முன்வந்தவர்கள் முன்பே ஆர்வமுள்ளவர்களாக இருந்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆர்வத்தைக் கண்டுபிடிப்பதும், காப்பதும், வளர்ப்பதுமே இந்தப் பணியின் பெரும்பகுதி.

"டாக்டர், சற்று நில்லுங்கள்"

இந்தத் தாள் நம் நாட்டில் எங்கே முட்டி நிற்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயது செவிலிய மகள் ஒருத்தி, முப்பது வருட அனுபவமுள்ள அறுவை மருத்துவரைப் பார்த்து, "சார், சற்று நில்லுங்கள், இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் பேசும்போது வாய் திறக்கக்கூடாது என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளை அவள். சுற்றறிக்கை அவளுக்கு அந்தத் தைரியத்தைத் தராது. அவள் நிறுத்தச் சொன்னபோது அந்த மூத்த மருத்துவர் நின்று, "நன்றி அம்மா, கேள்" என்று சொல்லுவாரானால், அந்த ஒரு வார்த்தை பத்து வகுப்புகளுக்குச் சமம். அவர் எரிந்து விழுந்தாரானால், மறுநாளிலிருந்து அவள் கேட்காமலேயே குறியிடுவாள். தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும். மேசைமேல் கிடக்கும் நோயாளிக்குத்தான் காவல் இராது.

ஆகவே மூத்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாது. நீங்கள் கணக்கில் காணும் "பயிற்சி, கூட்டம்" என்ற செலவின் பெரும்பகுதி இந்த நேரத்தின் விலையே.

சென்னையில் பிறந்த ஒரு பாடம்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. ஒரு காலத்தில் காசநோய் கண்டவர்களை வீட்டிலிருந்து பிரித்து, ஆரோக்கியவரம் போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் வைத்துப் பராமரித்தார்கள். கட்டில்களோ மிகக் குறைவு, நோயாளிகளோ லட்சக்கணக்கில். 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு அவரவர் நெருக்கடியான வீடுகளிலும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவின்படி, நல்ல உணவும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம்.

1962-இல் தேசிய காசநோய்த் திட்டம் தொடங்கியது. மருந்து மாவட்டம் மாவட்டமாகப் போனது. ஆனால் 1992-இல் திட்டத்தைச் சீர்தூக்கிப் பார்த்தபோது, சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களே அதை முடித்தார்கள் என்று தெரிந்தது. என்ன நேர்ந்தது? சென்னை ஆய்வில் வீட்டு நோயாளிகளுக்கு மாத்திரை மட்டும் கொடுக்கப்படவில்லை. அவர்கள் தவறாமல் மையத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். பணியாளர்கள் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், குடும்பத்தாரோடு பேசினார்கள். நாடெங்கும் பரவியபோது மாத்திரை போனது. இந்தப் பின்தொடர்தல் போதிய அளவு போகவில்லை.

1993-இல் சில இடங்களில் திருத்திய திட்டத்தைச் சோதித்தார்கள். 1997 முதல் அதை விரிவாக்கினார்கள். இம்முறை எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்கிவிடவில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு நுண்ணோக்கி மையம், ஐந்து லட்சம் மக்களுக்கு ஒரு மேற்பார்வைக் குழு என்று ஏற்படுத்தினார்கள். பணியாளர்கள் பயிற்சி பெற்றார்களா, மருந்து வந்து சேர்ந்ததா என்று பார்வையிட்ட பிறகே மாவட்டம் சேவையைத் தொடங்க அனுமதித்தார்கள். ஒவ்வொரு நோயாளியின் முழு மருந்தும் அவர் பெயருக்குத் தனிப் பெட்டியில் ஒதுக்கப்பட்டது. பாதியில் மருந்து தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2006-இல் திட்டம் நாடு முழுவதையும் எட்டியது. சளியில் கிருமி காணப்பட்ட புதிய நோயாளிகளில் 85 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வெற்றிகரமாகச் சிகிச்சை முடித்ததாகப் பதிவாகியது. காசநோய் இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத வகையும் வருத்துகிறது. ஆனாலும் நல்ல மருந்துக்கும் நல்ல பலனுக்கும் இடையே மனித உழைப்பு ஒன்று இருக்கிறது என்பதை இந்த வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

உழைப்பு மட்டும் போதுமா?

அப்படியானால் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படியும் நாங்கள் சொல்லவில்லை. 2014 முதல் 2016 வரை உத்தரப்பிரதேசத்தில் 120 அரசு பிரசவ மையங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 60 மையங்களுக்குப் பிரசவப் பாதுகாப்புத் தாளும், அருகில் நின்று சொல்லிக் கொடுக்கும் பயிற்சியாளர்களும் எட்டு மாதங்கள் கொடுக்கப்பட்டன. மற்ற 60 மையங்கள் வழக்கம்போல நடந்தன. இரண்டாம் மாதத்தில், செய்ய வேண்டிய காரியங்களில் 73 சதவீதத்தைப் பயிற்சி பெற்ற மையங்கள் செய்தன. மற்றவை 42 சதவீதம் மட்டுமே செய்தன. பயிற்சியாளர்கள் விடைபெற்றுப் போன பிறகு, பன்னிரண்டாம் மாதத்தில் 73 என்பது 62 ஆக இறங்கியது.

இதைவிட வருத்தமான செய்தி இன்னொன்று. தாய் சேய் மரணங்களையும் தாய்மாரின் கடும் சிக்கல்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, இரண்டு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. பழக்கம் மாறியது, பலன் மாறவில்லை. ஆபத்தான பிரசவத்தைக் கையாளும் திறமை, அறுவை சிகிச்சை வசதி, உடனே அனுப்பி வைக்க நல்ல ஏற்பாடு ஆகியவை போதாத இடத்தில், தாளும் பயிற்சியாளரும் ஓரளவுக்குத்தான் உதவ முடியும். வாய்க்காலை எவ்வளவு நன்றாகத் தூர் வாரினாலும் அணையில் தண்ணீர் இல்லாவிட்டால் பயனில்லை. ஆகவே கருவிக்குக் கொடுக்கிறவர்கள் வீணாகக் கொடுக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்க வேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வருவது.

நம் சபையே கற்ற பாடம்

இந்தக் காரியத்தில் நம் திருநெல்வேலி சபை மக்களுக்குச் சொந்த அனுபவமே உண்டு. 1919-ஆம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த ஊழியர்கள் கூடி, தென்னிந்தியாவில் ஒரே சபை வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவர் நம் மண்ணின் மகன், வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அத்தியட்சர் வி. எஸ். அசரியா. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் உதயமானது. இடையே 28 ஆண்டுகள் கடந்தன. அசரியா அத்தியட்சர் அந்த நாளைக் காணவில்லை; 1945 ஜனவரி முதல் நாளில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்த 28 ஆண்டுகள் என்ன செய்தார்கள்? கூட்டுக் குழுவில் திரும்பத் திரும்பக் கூடினார்கள். திட்டத்தை எழுதி, 1929-இல் அச்சிட்டு, சபைகளிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டு, மறுபடியும் திருத்தினார்கள். மக்களின் அச்சம் என்ன என்று கேட்டு அறிந்தார்கள். தாங்கள் பழகிய ஆராதனை முறை போய்விடுமோ, தாங்கள் ஏற்காத ஓர் ஊழியரைத் தங்கள்மேல் திணிப்பார்களோ என்பதே பலருடைய பயம். ஆகவே எந்தச் சபையின்மேலும் அப்படித் திணிப்பதில்லை என்று வாக்குறுதி கொடுத்தார்கள். ஏற்கெனவே ஊழியத்திலிருந்த போதகர்களை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஊழியத்தைப் பற்றிய சில காரியங்கள் ஒரே சீராக அமைய 30 ஆண்டுகள் அவகாசம் வைத்தார்கள். இவ்வளவு செய்தும் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையாரில் பெரும்பாலோர் 1947-இல் சேரவில்லை. அவர்கள் நெடுநாள் தனித்தே நின்றார்கள். எவ்வளவு உழைத்தாலும் எல்லாரும் ஒரே நாளில் கூட வருவதில்லை. வராதவர்களைப் பகைக்காமல் கதவைத் திறந்து வைத்திருப்பதும் இந்த உழைப்பில் ஒரு பங்கு.

வேதத்தை வாசிக்கிற நமக்கு நெகேமியாவின் சரித்திரமும் நினைவுக்கு வரும். அவர் எருசலேமுக்கு வந்தவுடன் வேலையைத் தொடங்கவில்லை. இராத்திரியில் எழுந்து, இடிந்த அலங்கத்தைத் தாமே சுற்றிப் பார்த்தார். பிறகு ஜனங்களிடம் நிலைமையை விளக்கினார். அநேகருக்கு அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியே பங்காகக் கிடைத்தது. தன் வீட்டு வாசலில் ஓட்டையை விட்டுவிட்டுப் போகிறவன் யார்? வேலை நடுவே ஏழைகள் கடன் தொல்லையைச் சொல்லி முறையிட்டபோது, சுவர் முடியட்டும் என்று அவர் தள்ளிவிடவில்லை. முதலில் அதைத் தீர்த்து வைத்தார். 52 நாட்களில் அலங்கம் முடிந்தது. வேகமாக முடிந்த அந்த வேலைக்குப் பின்னால் பொறுமையான ஆயத்தம் இருந்தது.

நீங்கள் எங்களிடம் கேட்க வேண்டியவை

பிரியமானவர்களே, நம் மருத்துவமனை ஆனாலும், நீங்கள் தாங்கும் வேறு எந்த ஊழியம் ஆனாலும், ஒரு புதிய முயற்சிக்கு உதவி கேட்கும்போது சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்த மாற்றம் ஏன் வேண்டும் என்று வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லப்பட்டதா? அவர்கள் சொன்னதை யாராவது கேட்டார்களா? மூத்தவர்கள் முதலில் தாங்களே செய்து காட்டுகிறார்களா? தேவையான பொருள் கையில் இருக்கிறதா? சொல்லிக் கொடுக்க வந்தவர் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்? காகிதத்தில் இடும் குறியை அல்ல, நோயாளிக்குக் கிடைக்கும் பலனை அளக்கிறீர்களா? இந்தப் புது வேலையால் யாருடைய சுமை கூடுகிறது, அவருக்கு எதைக் குறைத்தீர்கள்?

கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். இரவு வார்டில் பல நோயாளிகளைத் தனியே கவனிக்கும் ஒரு செவிலியரிடம் புதிதாக ஒரு படிவத்தைக் கொடுத்தால், அவர் அதற்குரிய நேரத்தை எங்கிருந்தாவது எடுக்கத்தான் வேண்டும். தன் தூக்கத்திலிருந்து எடுப்பார், அல்லது ஒரு நோயாளியின் அருகே உட்காரும் நேரத்திலிருந்து எடுப்பார். அதற்கு வழி செய்யாமல் ஒப்படைக்கும் மாற்றம் சில வாரங்களில் வாடிவிடும்.

ஆகவே உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்குப் போவதைக் காணும்போது வருத்தப்படாதீர்கள். அது சரியாகப் போகிறதா என்று மட்டும் விழிப்பாயிருந்து கேளுங்கள். எங்கள் மூத்த மருத்துவர்களுக்குத் தாழ்மைக்காகவும், இளம் செவிலியர்களுக்குத் தைரியத்துக்காகவும், இரு சாராருக்கும் பொறுமைக்காகவும் ஜெபியுங்கள். அறுவை மேசையில் மயக்கத்தில் கிடக்கும் ஒருவருக்குத் தம்மைச் சுற்றி நிற்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாது. அவருக்காக அவர்கள் ஒருவரையொருவர் கேட்கவும், ஒருவருக்கொருவர் செவிகொடுக்கவும் கற்றிருந்தால், அவர் வீடு திரும்பித் தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். உங்கள் காணிக்கையின் பலன் அங்கே இருக்கிறது.

கர்த்தருடைய பணியில் உங்களோடு இணைந்து,
மருத்துவமனைக் குருவானவர்